எட்டடிக்குள் இரண்டு மண்

என் கணவருக்கு வேலை போன பிறகுதான் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தக்காளி வந்தது. ஒரகடத்தில் காருக்கு இருக்கை பொருத்தும் லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஏழு வருடம் நின்றவர் அவர். ஒரு வெள்ளிக்கிழமை, லைனையே வேறு ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பதினோராவது நாள் நான் முதல் ஷிப்ட் முடித்து வந்தபோது பின்புறம் முழுக்கக் கொத்திக் கிடந்தது. நடுவில் அவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"தக்காளி வைக்கப் போறேன். சும்மா இருக்க முடியல புள்ள" என்றார்.

அவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஆனால் விவசாயக் குடும்பம் இல்லை. அப்பா பஸ் கண்டக்டர். அவர்கள் வீட்டில் தொட்டியில் ஒரு ரோஜா கூட இருந்ததில்லை என்று அவரே சொல்வார். தக்காளி வளர்ப்பதை அவர் கற்றுக்கொண்டது செல்போனில்தான். படப்பைக்குப் போய் நாற்று வாங்கி வந்தார். நடுவில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதற்கு மேற்கே மூன்று வரிசை, கிழக்கே மூன்று வரிசை, மொத்தம் முப்பத்தாறு செடி. இந்தப் பக்கத்து நடு வரிசையிலிருந்து அந்தப் பக்கத்து நடு வரிசைக்கு எட்டடிதான் இருக்கும்.

செடிகள் நன்றாகவே வந்தன. சின்ன மஞ்சள் பூ விட்டு, பூ உதிர்ந்து, கோலிக்குண்டு அளவுக்குக் காய் பிடித்தபோது அவர் முகம் மாறியது. ஒவ்வொரு செடிக்கும் எத்தனை காய் என்று எனக்கு ஒப்பிப்பார். எனக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. அவர் மறுபடியும் நிறையப் பேசுகிறார் என்பதே போதுமாக இருந்தது.

பிறகு காய்களின் அடி கறுக்க ஆரம்பித்தது.

மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று பச்சையாக இருக்கும். கையில் ஏந்தித் திருப்பினால் அடியில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், தோல் செருப்பு மாதிரி வறண்டு, உள்ளே குழிந்து போயிருக்கும். பூச்சி இல்லை, புழு இல்லை. முதலில் நாலு காய். ஒரு வாரத்தில் பாதிக் காய்களும் அப்படி ஆகிவிட்டன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அவர் அவற்றைப் பறித்துத் துவைக்கிற கல்மேல் வரிசையாகக் குப்புற வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது" என்றார்.

அவர் தக்காளியைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில், கழிவுநீர் சுத்திகரிக்கும் பகுதியில் இருக்கிறேன். உள்ளிருந்து வரும் தண்ணீர் தொட்டால் தோலை உரிக்கிற அமிலமாக வரும். அதில் சுண்ணாம்புப் பாலை விட்டுக் கலக்குவோம். பி.ஹெச். மீட்டரில் இரண்டு என்று இருந்த எண் மெல்ல ஏறி எட்டைத் தாண்டும். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உலோகமெல்லாம் திரண்டு அடியில் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். பல வருடமாக இதுதான் என் வேலை. என் சேலை ஓரத்திலிருந்து சாப்பாட்டு டப்பா மூடி வரைக்கும் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கும். அதனால், தக்காளியின் அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்துக் குறைவால்தான் என்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னதும், எனக்கு யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கிடங்கில் நேர்காணல் என்று அவர் காலையிலேயே கிளம்பிப் போன ஒரு நாள், எனக்கு வார விடுப்பு. ஹார்டுவேர் கடையில் வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத் தூள் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். முப்பத்தாறு செடிக்கும் வேரை விட்டு ஒரு சாண் தள்ளி, வட்டமாகத் தூவி, கொத்திவிட்டு, தண்ணீர் ஊற்றினேன். பாக்கெட்டைக் குப்பையில் போட்டு மேலே பேப்பரைப் போட்டு மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. காய் நன்றாக வந்தால் அது அவர் கையால் வந்ததாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் மேற்குப் பக்கம் தெளிந்தது. புதிதாகப் பிடித்த காய்களைத் திருப்பிப் பார்த்தால் அடி சுத்தமாக இருந்தது. அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஆச்சரியப்படுவது போல் நடித்தேன்.

கிழக்குப் பக்கம் வேறு மாதிரி ஆனது. காய் கறுப்பது நிற்கவில்லை. அதோடு நுனியில் வந்த இளம் இலைகள் மஞ்சளாயின. முழு மஞ்சள் இல்லை. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் வெளுத்து, யாரோ பச்சை மையில் கோடு போட்ட காகிதம் மாதிரி. பிறகு செடி வளர்வதையே நிறுத்திவிட்டது. அவர் அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரட்டிப்பாகத் தண்ணீர் ஊற்றினார். சாணம் கரைத்து ஊற்றினார். ஒரு நாள் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது செடியைப் பார்த்துக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்:

"அங்கன வச்சதும் நான்தான், இங்கன வச்சதும் நான்தான். அது பிழைக்குது, இது சாவுது. இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு விளங்கலயே."

அன்று முழுக்க வேலையில் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தப்புச் செய்தது நான் என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் ஒரே பாக்கெட், ஒரே அளவு, ஒரே நாள். ஒரு பக்கத்துக்கு மருந்தானது இன்னொரு பக்கத்துக்கு எப்படி விஷமாகும்?

மறுநாள் நாலு சின்ன டப்பாவில் மண் எடுத்துப் போனேன். மேற்கில் சுண்ணாம்பு போட்ட இடத்தில் ஒன்று, போடாத மூலையில் ஒன்று. கிழக்கிலும் அப்படியே இரண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொன்றையும் குவளையில் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய வைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, தண்ணி டெஸ்ட் பண்ற இடத்துல சேறு கலக்கினு கீற?"

"எங்க வூட்டு மண்ணு சார். ஒரு அஞ்சு நிமிஷம்."

"மீட்டரு ப்ரோப கழுவி வெச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேற்கு மூலை, சுண்ணாம்பு படாத மண்: 5.3. நல்ல புளிப்பு. சுண்ணாம்பு போட்ட இடம்: 6.2. தக்காளிக்குப் பிடித்த எண். கை தானாகக் கிழக்குக் குவளைக்குப் போனது. சுண்ணாம்பு படாத மண்: 8.3. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சுண்ணாம்பு போட்ட இடம்: 8.9.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சரிபார்க்கும் கரைசல் இரண்டிலும் விட்டுப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. நாலையும் திரும்ப அளந்தேன். அதே எண்கள்.

இந்த எண்களோடு பழகாதவர்களுக்கு ஐந்தே காலும் எட்டே காலும் பக்கத்து வீடு மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். இரண்டு எண் என்றால் நூறு மடங்கு. மூன்று எண் என்றால் ஆயிரம் மடங்கு. என் வீட்டுப் பின்புறத்தில், துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிற செடி, அந்தப் பக்கம் நிற்கிற செடியைவிட ஆயிரம் மடங்கு புளித்த மண்ணில் வேர் விட்டிருக்கிறது. நடுவே சுவரில்லை, வேலியில்லை. நான் அதன்மேல் தினமும் செருப்பில்லாமல் குறுக்கே நடந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தொழிற்சாலையில் அந்த அளவு மாற்றத்தை உண்டாக்க எங்களுக்கு மூன்று தொட்டி, இரண்டு பம்பு, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வேண்டும்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கைகால் கூடக் கழுவாமல் அவரிடம் சொன்னேன். சுண்ணாம்பு வாங்கியது, தூவியது, பாக்கெட்டை மறைத்தது, நாலு குவளை, நாலு எண், எல்லாம். அவர் கிணற்றடிக் குழாயை மூடிவிட்டு வந்து கேட்டார்.

"அப்போ என் கை இல்லையா?"

"உங்க கை இல்ல. என் கை."

அவருக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா? மூணு வாரமா கிறுக்கன் மாதிரி அந்தச் செடிகிட்டப் பேசிட்டு இருந்தேன்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் வேறாக இருந்தது.

"அந்த நம்பரெல்லாம் எனக்கு வேணாம். கண்ணால காட்டு."

காட்ட ஒரு வழி தெரியும். சமையலறையிலிருந்து வினிகர் பாட்டிலையும் இரண்டு சாஸரையும் எடுத்து வந்தேன். ஒன்றில் மேற்கு மூலை மண், ஒன்றில் கிழக்கு மூலை மண். முதலில் மேற்கு மண்ணில் ஒரு ஸ்பூன் விட்டேன். வினிகர் உள்ளே இறங்கியது. அவ்வளவுதான். பிறகு கிழக்கு மண்ணில் விட்டேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் மண் பொங்கியது. சின்னச் சின்னக் குமிழ்கள் கூட்டமாக எழுந்து, வெடித்து, மறுபடி எழுந்தன.

அவர் குனிந்து சாஸருக்குப் பக்கத்தில் காதை வைத்தார். பிறகு கையாட்டி என்னையும் கூப்பிட்டார். இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டோம். சோடா பாட்டிலைத் திறந்து தூரத்தில் வைத்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம். மிக மெல்லிய சீறல்.

"மண்ணு பேசுது புள்ள" என்றார், காதை எடுக்காமல்.

அமிலத்தை எதிர்க்கிற ஏதோ ஒன்று, சுண்ணாம்பு மாதிரி ஒன்று, நான் ஒரு பிடி கூடப் போடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஏராளமாக இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

எங்கள் மனை முன்பு தாழ்வான இடம். வீடு கட்டும்முன் டிப்பர் லாரியில் மண் அடித்து உயர்த்தினோம். அடித்துக் கொடுத்த டிரைவர் சேரப்பணஞ்சேரிக்காரர், இப்போதும் அதே லாரி ஓட்டுகிறார், அடுத்த தெருவில்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டேன். லுங்கியும் துண்டுமாக வந்தார். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் லோடு அடித்திருப்பார், எங்கள் மண் அவருக்கு நினைவிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அவர் மேற்குப் பக்கம் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்தார்.

"இது கிராவலு. மலப் பக்கத்துலேர்ந்து வந்தது. பன்னெண்டு லோடு அடிச்சேன். செவப்பா, சின்னச் சின்ன கல்லு இருக்குது பாரு." துவைக்கிற கல்லைத் தாண்டிக் கிழக்கே போனார். குனியக்கூட இல்லை. "இங்க கிராவலு பத்தல. அப்போ ரோடு அகலம் பண்ணினு இருந்தாங்கோ. வாலாஜாபாத் பக்கம் ஒரு பழைய வூட்ட இடிச்சாங்கோ. அந்த இடிச்ச மண்ணு அஞ்சு லோடு இங்க கொட்டினேன். மேல கொஞ்சம் நல்ல மண்ணு போட்டு மூடினேன். உங்க கிட்ட சொல்லல. சொல்லணும்னு தோணல தங்கச்சி."

"அது எப்படிண்ணா ஞாபகம் இருக்கு?"

"மறக்குமா? அந்த வூட்டு செவுரு இவ்ளோ அகலம்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஜேசிபி வெச்சு இடிச்சா கூட ஒரு நாள்ல விழல. ஒரு துளி சிமெண்ட் கெடயாது. பூரா கிளிஞ்சல் சுண்ணாம்பு. அந்தத் தூசியில எனக்கு ரெண்டு கையும் வெடிச்சுப் போச்சு."

என் கணவர் கடப்பாரையை எடுத்து வந்தார். ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்'கென்று பட்டது. டிரைவர் கையை விட்டுத் துழாவி, வெளியே ஒரு கட்டியை எடுத்தார். பாலாடை நிறம். தேங்காய் அளவு. ஒரு பக்கம் செங்கல்லின் சிவப்பு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துவைக்கிற கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் பிளந்தது. நடுவில், சரியாக வேகாமல் தப்பித்த ஒரு கிளிஞ்சல் துண்டு. நகம் அளவுதான். மேலே விசிறி மாதிரி வரி. அந்த வரி ஒன்றுகூட அழியவில்லை.

நான் அதைக் கையில் வாங்கினேன். இது கடலில் ஒரு உயிரின் வீடு. அந்த உயிர் கடல் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பைத் துளித்துளியாக எடுத்து இந்த வரிகளைப் போட்டிருக்கிறது. அது செத்த பிறகு யாரோ கரையில் பொறுக்கி, சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, அரைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் எத்தனை தலைமுறை படுத்து எழுந்ததோ. சாலைக்காகச் சுவர் விழுந்து, லாரியில் ஏறி, என் வீட்டுக்கு வந்து, என் தக்காளிச் செடியின் வேரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அதன் தலையில் நான் இன்னும் ஒரு பாக்கெட் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறேன். தினமும் மூட்டை மூட்டையாக நான் கையாளுகிற பொருள். அதற்கு முன்னால் ஒரு உடம்பு இருந்திருக்கும் என்று நான் ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

டிரைவர் போன பிறகு என் கணவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை.

"சரி, இந்தப் பக்கம் இவ்வளவு சுண்ணாம்பு கெடக்குல்லா? அப்புறம் ஏன் காய் அடி கறுத்துச்சு? சுண்ணாம்புச் சத்து இல்லேன்னாத்தானே கறுக்கும்?"

அதைக் கேட்க, அந்த வாரம் இருவரும் வாலாஜாபாத்தில் ஒரு உரக்கடைக்குப் போனோம். கடை நடத்துகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். விவசாயம் படித்தவர் என்று சொன்னார்கள். கறுத்த காய் இரண்டையும் மஞ்சள் இலையையும் மேசையில் வைத்து, நாலு எண்ணையும் சொன்னேன். அவர் எண்களைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே தோட்டமா?"

"எட்டடி தள்ளி."

"அடேங்கப்பா" என்றவர், என் கணவர் பக்கம் திரும்பினார். "தண்ணி எப்படிங்க ஊத்துவீங்க?"

"தினமும் ஊத்துவேன். வேல தேடிப் போனா ரெண்டு நாள் விட்டுப்போகும். அப்புறம் வந்து சேர்த்து ஊத்துவேன்."

"அதான் விஷயம். சுண்ணாம்புச் சத்து செடிக்குள்ள தானா நடந்து போவாதுங்க. தண்ணிதான் தூக்கினு போவணும். இலைதான் வெயில்ல காஞ்சு காஞ்சு தண்ணிய இழுக்கும். அதனால எல்லாம் மொதல்ல இலைக்குப் போயிடும். காய்க்கு மிச்சம்தான். காய்லயும் அடிப் பக்கம்தான் கடைசி. ரெண்டு நாள் தண்ணி நின்னுச்சுன்னா, அந்தக் கடைசி இடத்துக்குப் போய்ச் சேராது. அங்க செத்துப்போவும். இலைக்குப் போனது போனதுதான், திரும்பி வந்து காய்க்குக் குடுக்காது."

என் கணவர் அந்தக் கறுத்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நேர்காணலுக்குப் போன நாட்களை அந்தச் செடி காயின் அடியில் எழுதி வைத்திருந்தது.

அந்த அம்மா சொன்னதை நான் அப்படியே செய்தேன். மேற்கே புளிப்பு மண், சுண்ணாம்புச் சத்தும் குறைவு, அதனால் அங்கே நான் போட்டது சரி. ஆனால் இனி அளந்து பார்க்காமல் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. கிழக்கே சுண்ணாம்பு அதிகமாகி, மண்ணிலிருக்கும் இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. அந்த மஞ்சள் அதனால்தான். அங்கே சுண்ணாம்பின் பக்கமே போகக் கூடாது. காய்க்கு உடனே கரைந்து கிடைக்கிற மாதிரி ஒரு கைப்பிடி ஜிப்சம். அதுவும் சுண்ணாம்புச் சத்துதான், ஆனால் மண்ணின் புளிப்பையோ காரத்தையோ பெரிதாக மாற்றாது. இலைக்கு இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். காரம் மெல்ல இறங்குவதற்கு மக்கிய எருவும் கொஞ்சம் கந்தகத் தூளும். தண்ணீர் தினமும் ஒரே அளவு. மேலே வைக்கோல் மூடாக்கு.

"கந்தகம் போட்டா எத்தன நாள்ல இறங்கும்?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் எனக்கு எல்லாம் நிமிடக் கணக்கு.

"மாசக் கணக்குங்க. கந்தகம் தானா ஒண்ணும் பண்ணாது. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத கிருமி கீது. அது கந்தகத்தத் தின்னு அமிலமா மாத்தும். அதுங்க வேலை செய்ய ஈரம் வேணும். நீங்க காத்துனு இருக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அமிலத்தைக் கொல்வது என் வேலை. ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு செய்கிற வேலை. அமிலத்தை உண்டாக்குகிற வேலையை, ஒரு பிடி மண்ணுக்குள் எண்ண முடியாத அளவு உயிர்கள், ஒரு சத்தமும் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஷிப்ட் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. ஒரகடம் மேம்பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் மின்னின. அவ்வளவு பெரிய கூரைகளுக்கு அடியிலும் அதே மண்தானே, அதற்குள்ளும் அவை இருக்குமே என்று நினைத்தேன்.

அன்னபேதி தெளித்த ஆறாவது நாள் இலை நிறம் திரும்பியது. முதலில் நான் நம்பவில்லை. வெளுத்திருந்த இடத்தில், நரம்பிலிருந்து பச்சை வெளியே கசிந்து பரவியிருந்தது. அவர் தினமும் காலையில் ஒரே இலையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். ஆறு படத்தையும் வரிசையாகத் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினார். மஞ்சள், மஞ்சள், கொஞ்சம் பச்சை, இன்னும் கொஞ்சம். ஐந்து செடி மட்டும் தேறவில்லை. அவற்றைப் பிடுங்கிவிட்டோம். மற்ற பதின்மூன்றும் மறுபடி பூத்தன.

பிள்ளைப்பாக்கத்துக் கிடங்கிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். சேர்வதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பழைய தண்ணீர் பாட்டில்களை மூடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு செடியடியிலும் தலைகீழாகப் புதைத்து, அடியை வெட்டித் தண்ணீர் நிரப்பினார். ஒரு நாள் முழுக்கச் சொட்டும். "நான் இல்லேன்னாலும் அதுக்குத் தண்ணி நிக்கக் கூடாது" என்றார்.

கிழக்குப் பக்கத்தில் முதல் காய் நிறம் மாறியபோது அவர் அதைப் பறிக்கவில்லை. தொடவும் இல்லை. இரண்டு நாள் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள் வேலைக்குக் கிளம்புமுன், சட்டை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாரு. எனக்குத் தைரியம் இல்ல."

நான் குனிந்து இரண்டு விரலால் மெல்லத் திருப்பினேன். அடி வழவழவென்று சிவந்திருந்தது. குழந்தையின் குதிகால் மாதிரி. ஒரு புள்ளி இல்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவரும் குனிந்து பார்த்தார். அவருக்கு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனார்.

அந்தக் காய்களில் ஒரு கூடை டிரைவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துத் துண்டில் துடைத்து அங்கேயே கடித்தார். "இடிச்ச மண்ணுல வெளஞ்சதா இது?" என்று கேட்டுவிட்டு, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மண்ணை அளக்கிறேன். மேற்கு 6.4-ல் நிற்கிறது. கிழக்கு இன்னும் 8.4. எவ்வளவு கந்தகம் போட்டாலும், எவ்வளவு எரு போட்டாலும், கிருமிகள் உண்டாக்குகிற அமிலத்தை அந்தப் பழைய சுவர் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஜேசிபிக்கு ஒரு நாளில் விழாத சுவர். அதை நான் முழுக்க மாற்றிவிட முடியும் என்ற நினைப்பை விட்டுவிட்டேன். அதற்குப் பிடித்ததை அங்கே வைக்கிறோம். கீரை நன்றாக வருகிறது.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை வெறித்தபோது பின்பக்கக் கதவைத் திறந்தேன். கிழக்குப் பக்கத்தில் மழை மண்ணை அரித்து, பழைய சுவரின் கட்டிகள் வெள்ளை வெள்ளையாகத் தலை நீட்டியிருந்தன. அவற்றின் மேல் நத்தைகள். இருபதுக்கு மேல் இருக்கும். மிளகு அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை. மேற்குப் பக்கம் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. எல்லாமே துவைக்கிற கல்லைத் தாண்டிக் கிழக்கேதான்.

கிட்டே போய்க் குனிந்தேன். அவை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாம் வாயைக் கட்டியின்மேல் அழுத்தி, மெல்ல மெல்லச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. தங்கள் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை எடுத்துக்கொண்டிருந்தன. அவர் பின்னால் வந்து நின்றார், பல் துலக்குகிற பிரஷ் வாயில் இருந்தது. இருவரும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஷிப்ட் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் அசையவில்லை. மிளகு அளவிலிருந்த ஒரு குட்டி, தன் கொம்பை நீட்டி, ஒரு கட்டியிலிருந்து அடுத்த கட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தது.